ராபர்ட் நாய்ஸ்: ஒரு சரித்திரமும் ஒரு வழக்கும்

நிலத்துக்கு எல்லைக்கல் உண்டு. கல் பெயர்ந்துவிட்டால் சர்வேயர் வந்து அளந்து தகராறைத் தீர்த்துவிடலாம். வீட்டுக்குச் சுவர் உண்டு. நகைக்கு எடை உண்டு. மனிதன் மனத்தில் உதிக்கும் யோசனைக்கு மாத்திரம் கல்லுமில்லை, சுவருமில்லை, எடையுமில்லை. அதற்கு எல்லை வகுப்பவை சொற்களே. ஒரு யோசனை யாருடையது, எம்மட்டில் அவனுடையது, பிறர் அதைக் கையாளலாமா கூடாதா என்பனவெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிய சில வாக்கியங்களைப் பொறுத்து நிற்கின்றன. பேடெண்ட் என்று வழங்கும் கண்டுபிடிப்புரிமையின் தத்துவம் இதுவேயாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1959-ஆம் வருஷத்தில் வித்திடப்பட்டு 1970-ஆம் வருஷத்தில் முடிவடைந்த ஒரு வழக்கு இதற்குச் சிறந்த உதாரணம். இன்று நம் சட்டைப்பையிலுள்ள டெலிபோன் முதல் ஆகாயத்தில் சுற்றும் செயற்கைச் சந்திரன் வரை யாவற்றுக்கும் உயிர்நிலையாயுள்ள ஸிலிகன் சில்லு யாருடைய கண்டுபிடிப்பு என்பதே அவ்வழக்கின் விஷயம். அதில் ஒரு கட்சியில் நின்றவர் ராபர்ட் நாய்ஸ். மற்றொரு கட்சியில் நின்றவர் ஜாக் கில்பி. நாய்ஸ் காலஞ்சென்று முப்பத்தைந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவருடைய செல்வத்தையும் சாமர்த்தியத்தையும் புகழ்ந்து எழுதியவர் பலர். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே அவர் எவ்வாறு தொழிலை நடத்தினார் என்பதை எடுத்துச் சொன்னவர் சிலரே. நாம் அதைச் சொல்லவே இச்சரித்திரத்தை எழுதப் புகுந்தோம்.

நம் நாட்டாருக்கு இவ்விஷயம் அந்நியமன்று. வானொலி அலைகளை உணர்வதற்குக் கலீனா என்னும் ஈயத்தாதுவின் படிகத்தைப் பயன்படுத்தும் கருவிக்கு ஜகதீச சந்திர போஸ் 1901-ல் அமெரிக்காவில் விண்ணப்பித்து, 1904 மார்ச்சு 29-ந் தேதி பேடெண்ட் பெற்றார். குறைகடத்திப் பொருளால் ஆன கருவிக்குக் கிடைத்த உரிமைகளில் அது மிகப் பழமையானது. நண்பர்கள் வற்புறுத்தியதனாலேயே அவர் அதற்கு இசைந்தார். அதனால் பொருள் ஈட்ட அவர் முயலவில்லை. பின்னர் 2021 டிசம்பரில் இந்திய மந்திரிசபை 76,000 கோடி ரூபாயில் சில்லுத் தொழிலை இங்கே நிலைநாட்ட ஒரு திட்டத்துக்குச் சம்மதம் அளித்தது. எழுபத்தாறாயிரம் கோடியில் யந்திரங்களை வாங்கிவிடலாம். யந்திரத்தோடு கூட வரும் உரிமைப் பத்திரங்களை வாசித்து உணரும் அறிவைத்தான் விலைக்கு வாங்கமுடியாது.

பிறப்பும் இளமையும்

ராபர்ட் நாய்ஸ் 1927 டிசம்பர் 12-ந் தேதி அயோவா மாகாணத்தில் பர்லிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ரால்ப் நாய்ஸ், காங்கிரிகேஷனல் சபையைச் சேர்ந்த பாதிரியார். பிள்ளைகள் நால்வரில் இவர் மூன்றாமவர். பாதிரியார் குடும்பங்களுக்கு இயல்பான அளவான வருமானமும், ஊர் ஊராக மாறிச் செல்லும் வாழ்க்கையும் இவர்களுக்கும் இருந்தன. கடைசியில் கிரின்னல் என்னும் சிற்றூரில் நிலைபெற்றனர்.

பன்னிரண்டாம் வயதில் தமையனோடு சேர்ந்து, யந்திரமில்லாமல் மிதந்து பறக்கும் ஒரு விமானத்தைத் தாமே செய்து அதில் ஏறிப் பறந்து பார்த்தார். கிரின்னல் கலாசாலையில் படிக்கும்போது வேறொரு துணிவும் செய்தார். 1948-ல் விடுதி விருந்து ஒன்றுக்காக அண்டைப் பண்ணையிலிருந்து ஒரு பன்றிக்குட்டியைத் திருடிக்கொண்டு வந்துவிட்டார். அயோவா உழவர்கள் நாடு. அங்கே பன்றித் திருட்டு சிறு குற்றமாகாது. ஆசிரியர்கள் தலையிட்டுப் பரிந்து பேசியதால் வழக்கு ஏற்படவில்லை; ஆயினும் ஒரு பருவம் கலாசாலைக்கு வெளியே நிற்கவேண்டியதாயிற்று. அக்காலத்தை நியூயார்க்கில் ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்கு வேலையில் கழித்தார். பிறர் பொருளைப் பற்றிய சட்டத்தோடு அவருக்கு ஏற்பட்ட முதல் பரிச்சயம் இது.

அக்கலாசாலையில் பௌதிக ஆசிரியராயிருந்தவர் கிராண்ட் கேல். 1947 டிசம்பரில் பெல் ஆராய்ச்சிசாலையில் டிரான்ஸிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கண்டவர்களுள் ஒருவரான ஜான் பார்டீனோடு கேல் அறிமுகமுள்ளவர். அத்தொடர்பால் உலகில் முதன் முதல் செய்யப்பட்ட டிரான்ஸிஸ்டர்களுள் இரண்டு அந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தன. பெரிய சர்வகலாசாலைகள் பல அதன் பெயரையும் அறியாதிருந்த காலத்தில் நாய்ஸ் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். 1949-ல் பட்டம் பெற்று, மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து 1953-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். பிறகு பில்கோ கம்பெனியில் மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்தார்.

அத்தொழில் எந்தச் சூழ்நிலையில் வளர்ந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பெல் கம்பெனியார் தம் கண்டுபிடிப்பை மூடி வைத்துக்கொள்ளவில்லை. 1952-ல் இருபத்தைந்தாயிரம் டாலர் முன்பணம் கட்டியவர்களுக்கு லைசென்ஸ் கொடுத்து, செய்முறையையும் வகுப்பு நடத்திக் கற்பித்தனர். அவ்வகுப்பில் மாணவராக அமர்ந்தவர்களுள் ஜாக் கில்பியும் ஒருவர். பெல் கம்பெனியின் தாய் ஸ்தாபனத்தின் மீது ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் சர்க்கார் தொடுத்த வழக்கு 1956-ல் ராஜியாய் முடிந்தபோது, அதுவரை பெற்றிருந்த பேடெண்டுகளைப் பிறர் கட்டணமின்றிக் கையாள விடவேண்டுமென்று ஏற்பட்டது. கதவு திறந்திருந்த வீட்டில்தான் இத்தொழில் பிறந்தது என்பதை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

எண்மர் வெளியேறியது

டிரான்ஸிஸ்டரைக் கண்டவர் மூவருள் ஒருவரான வில்லியம் ஷாக்லி, 1956-ல் கலிபோர்னியாவில் சொந்தமாக ஒரு தொழிற்கூடம் தொடங்கினார். அவர் அழைப்பின் பேரில் நாய்ஸ் அங்கே சென்றார். அவ்வருஷமே ஷாக்லிக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அறிவில் சிறந்த அவர் மனிதரை நடத்துவதில் சிறந்தவரல்லர். உடன் உழைப்பவரைச் சந்தேகித்தார். பொய் கண்டறியும் கருவியால் சோதிக்கவும் துணிந்தார். பொறுக்கமாட்டாத இளைஞர் எண்மர் 1957 செப்டம்பரில் ஒருங்கே விலகினர். அவர்களுள் கடைசியாக மனம் இசைந்தவர் நாய்ஸ்.

அந்த எண்மரையும், அவர்களுக்கு முதல் தேட முன்வந்த ஆர்தர் ராக் முதலிய இருவரையும் பிணைத்தது எந்தப் பத்திரமும் அன்று. பத்து ஒரு டாலர் நோட்டுகளை மேஜையில் பரப்பி ஒவ்வொன்றிலும் பத்துப்பேரும் கையெழுத்திட்டுப் பங்கிட்டுக்கொண்டனர். வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு அத்தகைய உடன்படிக்கையைக் கண்டால் நகைப்பு வருகிறது. அது நிலைத்ததைக் கண்டால் வியப்பு வருகிறது. பேர்சைல்டு கேமரா கம்பெனி சுமார் 13 லட்சத்து 80 ஆயிரம் டாலர் கொடுக்க முன்வந்தது. பேர்சைல்டு ஸெமிகண்டக்டர் என்னும் தொழிற்சாலை இவ்வாறு பிறந்தது.

எண்மரும் விலகித் தனித்தொழில் நடத்த முடிந்ததற்கு அம்மாகாணத்தின் சட்டமும் ஒரு காரணம். ஒருவன் தன் தொழிலைச் செய்யவொட்டாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாதென்பது கலிபோர்னியாவில் 1872-ஆம் வருஷம் முதல் வழங்கிவரும் விதி. எஜமானனுக்கு ரகசியங்களும் பேடெண்டுகளும் சொந்தமாகலாம். உழைப்பவனுடைய கையும் தலையும் சொந்தமாகா.

கண்டுபிடிப்பு

தாமிரம் மின்சாரத்தைக் கடத்தும், கண்ணாடி கடத்தாது. ஸிலிகனும் ஜெர்மேனியமும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. ஆகவே குறைகடத்திகள் எனப்படும். மிகச் சிறிதளவு அந்நியப் பொருளை அவற்றுள் கலந்தால் அவற்றின் குணம் மாறும். அம்மாற்றத்தை இடமறிந்து செய்வதே டிரான்ஸிஸ்டர்த் தொழிலின் சாரம்.

அக்காலத்தில் ஒரு வட்டத் தகட்டில் நூற்றுக்கணக்கான டிரான்ஸிஸ்டர்களை ஒன்றாகச் செய்வார்கள். பிறகு அவற்றைத் தனித்தனியே அறுப்பார்கள். பெண்கள் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து ஒவ்வொன்றுக்கும் மயிரிழை போன்ற கம்பிகளைப் பொருத்துவார்கள். அவ்வாறு பிரித்த பண்டங்களை வாங்கியவர்கள் மறுபடியும் ஒன்றோடொன்று இணைத்துப் பற்றவைத்துக் கருவி செய்வார்கள். சேர்ந்திருந்ததைப் பிரித்துப் பின் சேர்ப்பது வீண் வேலையென்பது யாவருக்கும் தெரிந்தே இருந்தது. இணைப்புகள் பெருகப் பெருகப் பழுதும் பெருகியது. அதற்குப் பரிகாரம் மாத்திரம் ஒருவருக்கும் புலப்படவில்லை.

டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்னும் கம்பெனியில் 1958 மே மாதம் சேர்ந்தவர் ஜாக் கில்பி. ஜூலையில் தொழிற்சாலை முழுதும் விடுமுறையில் சென்றுவிட்டது. புதிதாக வந்த அவருக்கு விடுமுறை கிடையாது. ஆளில்லாத கூடத்தில் தனியே இருந்து யோசித்து, சுற்றுக்கு வேண்டிய எல்லா உறுப்புகளையும் ஒரே பொருளால், ஒரே துண்டில் செய்துவிடலாமென்று ஜூலை 24-ந் தேதி தம் குறிப்பேட்டில் எழுதினார். செப்டம்பர் 12-ந் தேதி ஜெர்மேனியத் துண்டொன்றில் அதைச் செய்தும் காட்டினார். ஆயினும் அத்துண்டின் உறுப்புகளை இணைத்தவை கையால் பொருத்திய பொற்கம்பிகளே.

பேர்சைல்டில் நடந்தது வேறு வழி. எண்மருள் ஒருவரான ஜீன் ஹோர்னி, ஸிலிகன் மீது படரும் ஆக்ஸைடுப் போர்வையை எடுத்தெறியாமல் அப்படியே விட்டுவைத்தால் தூசியும் ஈரமும் அணுகாமல் அது காக்குமென்று கண்டார். இதுவே சமதள முறை எனப்படுவது. இதற்கு பேடெண்ட் மனு எழுத வந்த வக்கீல், இம்முறையால் வேறு என்னென்ன செய்யலாமென்று யோசித்துச் சொல்லும்படி கேட்டார். உரிமையின் எல்லையை விரிக்க விரும்பும் வக்கீல் கேட்கும் சாதாரணக் கேள்விதான் அது. அக்கேள்வி நாய்ஸின் மனத்தைக் கிளறிவிட்டது. ஆக்ஸைடு மின்சாரத்தைக் கடத்தாதாகையால், அதன் மேல் உலோகக் கோடுகளைப் படிய வைக்கலாம். போர்வையில் வேண்டிய இடங்களில் துவாரமிட்டு அக்கோடுகள் கீழுள்ள உறுப்புகளைத் தொடும்படி செய்யலாம். கம்பியும் வேண்டாம், கையும் வேண்டாம் என்று 1959 ஜனவரி 23-ந் தேதி குறிப்பேட்டில் எழுதினார். சட்ட வாசகம் கண்டுபிடிப்பைப் பின்தொடர்ந்து செல்வதே வழக்கம். இங்கே கண்டுபிடிப்பு வாசகத்தைப் பின்தொடர்ந்து வந்தது.

இது அவர் ஒருவராலேயே நிறைவேறியதன்று. ஒரே துண்டிலுள்ள உறுப்புகளை மின்சாரத்தில் ஒன்றுக்கொன்று பிரித்து நிறுத்தும் உபாயத்துக்கு ஸ்பிரேக் கம்பெனியைச் சேர்ந்த கர்ட் லெஹோவெக் தனியே உரிமை பெற்றார். பேர்சைல்டில் அதைச் செய்முறையில் கொணர்ந்தது ஜே லாஸ்ட் என்பவரின் குழு. ஒரு பேடெண்டில் ஒருவர் பெயர் காண்பதால் ஒருவரே அதைச் செய்தாரென்று எண்ணுவது பிழை.

இருவர் கேட்ட ஒரு பொருள்

வேறொரு கம்பெனியும் இதே முயற்சியில் இறங்கியிருப்பதாகச் செவிவழிச் செய்தி கேட்டு, டெக்ஸாஸ் கம்பெனியார் கில்பியின் மனுவை அவசரமாகத் தயாரித்து 1959 பிப்ரவரி 6-ந் தேதி தாக்கல் செய்தனர். அதனோடு சேர்த்த படத்தில் கம்பிகள் ஆகாயத்தில் வளைந்து நின்றன. அக்குறையை அறிந்தவர்களாய், கம்பிக்குப் பதிலாக ஆக்ஸைடின் மேல் பொன்னை இட்டும் இணைக்கலாம் என்னும் கருத்தில் ஒரு சிறு பகுதியையும் சேர்த்துக்கொண்டனர். நாய்ஸின் மனு ஜூலை 30-ந் தேதி தாக்கலாயிற்று. பேர்சைல்டு வக்கீல்கள் எதிரியின் பரந்த உரிமையோடு மோதாதபடி தம் வாசகத்தைக் குறுக்கிக் கூர்மையாக எழுதினர். பரந்த மனு காத்துக் கிடந்தது. குறுகிய மனு முந்தியது. நாய்ஸுக்கு 1961 ஏப்ரல் 25-ந் தேதியும், கில்பிக்கு 1964 ஜூன் 23-ந் தேதியும் பேடெண்ட் கிடைத்தன.

அந்நாளைய அமெரிக்கச் சட்டத்தில் முந்தி மனுப்போட்டவனுக்கன்று, முந்திக் கண்டவனுக்கே உரிமை. இவ்விதி 2013 மார்ச்சு வரையில் அங்கே நிலவியது. ஆகையால் ஒரே விஷயத்தை இருவர் உரிமை கொண்டாடினால் யார் முந்தியவர் என்று பேடெண்ட் ஆபீஸிலேயே தனி விசாரணை நடக்கும். அத்தகைய விசாரணையைக் கில்பியின் கட்சியார் கோரினர். தேதியில் கில்பி முந்தியவர் என்பதில் சந்தேகமேயில்லை. 1958 ஜூலைக்கும் 1959 ஜனவரிக்கும் ஆறுமாத இடைவெளி இருந்தது. ஆகவே கேள்வி வேறிடத்தில் சென்று நின்றது. நாய்ஸ் கோரியது ஆக்ஸைடின் மேல் ஒட்டி நிற்கும் உலோகக் கோடுகளை. கில்பியின் காகிதத்தில் அது சொல்லப்பட்டிருக்கிறதா?

வழக்கு

கில்பியின் காகிதத்தில் பொன்னை ஆக்ஸைடின் மேல் இடுவது சொல்லப்பட்டிருந்தது. ஒட்டி நிற்பது சொல்லப்படவில்லை. இரண்டும் ஒன்றேயென்று அவர் வக்கீல்கள் வாதித்தனர். ஒன்றன்று என்று நாய்ஸின் வக்கீல்கள் மறுத்தனர். இதைப் பயனற்ற சொற்போர் என்று நேயர்கள் தள்ளிவிடலாகாது. இலையில் சோறு இடுகிறோம். சோறு இலையோடு ஒட்டி நிற்பதில்லை. சுவரில் சுண்ணாம்பு பூசுகிறோம். அது சுவரோடு ஒன்றிப்போகிறது. இட்ட பொருள் ஒட்டியே தீரும் என்று யாரும் சொல்லமுடியாது. மேலும் பொன் ஆக்ஸைடோடு எளிதில் ஒட்டாத உலோகம் என்பது தொழிலறிந்தவர் யாவருக்கும் தெரியும். நாய்ஸ் கட்சியார் இதையும் எடுத்துக்காட்டினர். இரு தரப்பிலும் நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். வாக்குமூலங்கள் மலைபோல் குவிந்தன.

1967 பிப்ரவரி 24-ந் தேதி பேடெண்ட் ஆபீஸின் விசாரணைச் சபை கில்பிக்கு அனுகூலமாகத் தீர்த்தது. நாய்ஸின் கட்சியார் அப்பீல் செய்தனர். சுங்க, பேடெண்ட் அப்பீல் நியாயஸ்தலம் 1969 நவம்பர் 6-ந் தேதி அதை மாற்றிற்று. மேலே இடுதல் என்னும் சொல்லுக்கு ஒட்டி நிற்றல் என்ற பொருள் அத்தொழிலில் அன்று வழங்கியதாகவோ, அவ்வாறு அல்லாமல் வேறு விதமாகச் செய்யவே முடியாதென்பதாகவோ நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். சுப்ரீம் கோர்ட்டு 1970-ல் தலையிட மறுத்தது. ஒரு துண்டில் எல்லா உறுப்புகளையும் செய்யும் கருத்து கில்பியிடம் நின்றது. அவற்றைப் பிணைக்கும் உபாயம் நாய்ஸினிடம் நின்றது.

வழக்காளர்கள் ஒரு தேதியைக் கவனிக்கவேண்டும். 1969 ஜூலையில் மனிதன் சந்திர மண்டலத்தில் காலடி வைத்தான். அக்கப்பலை வழிநடத்திய கணிப்பொறி ஒருங்கிணைந்த சுற்றுகளால் ஆனது. அச்சுற்று யாருடைய கண்டுபிடிப்பென்று கோர்ட்டு முடிவு செய்வதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே அது சந்திரனுக்குப் போய்த் திரும்பிவிட்டது! நீதிக்கு நிதானம் வேண்டியதே. ஆனால் தொழில் அதற்காகக் காத்து நிற்பதில்லை.

சமாதானம்

காத்து நிற்காமலிருக்க ஒரு காரணம் உண்டு. விசாரணைச் சபை முதல் தீர்ப்புச் சொல்லுமுன்னரே, 1966 கோடைக்காலத்தில், இரு கம்பெனியாரும் கூடிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். கண்டுபிடிப்பில் இருவருக்குமே பாத்தியதை உண்டென்று ஒப்புக்கொண்டனர். ஒருவர் உரிமையை மற்றவர் கையாளலாமென்று பரஸ்பரம் லைசென்ஸ் அளித்தனர். மூன்றாமவர் யாராயினும் இருவரிடமும் தனித்தனியே அனுமதி பெறவேண்டும் என்று வகுத்தனர். முந்தியவர் யார் என்ற கேள்வியை வக்கீல்களுக்கு விட்டுவிட்டு இருவரும் பட்டறைக்குத் திரும்பினர்.

இதில் தர்மம் எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று வினவுதல் நியாயமே. பங்காளிகள் இருவர் வரப்புச் சண்டையை நிறுத்தினால் அவர்களுக்கு நன்மை. கூலிக்கு உழுபவனுக்கு நன்மை என்று சொல்லமுடியாது. புதிதாக வந்த சிறு கம்பெனி ஒரு கதவுக்குப் பதிலாக இரண்டு கதவுகளில் கப்பம் கட்டவேண்டியதாயிற்று. இக்குறையை நாம் மறைக்கவில்லை. ஆயினும் உரிமையைச் சங்கிலியாக்கி ஒருவன் மற்றவனைக் கட்டிப்போட்டிருந்தால் இருவர் தொழிலும் பாழாகியிருக்கும். ராயல்டி கட்டியேனும் உள்ளே நுழைய வழி இருந்ததால் தொழில் பெருகிற்று. 1960-களின் நடுவில் நாய்ஸ் ஒரு துணிகரமான காரியமும் செய்தார். தனித்தனி உறுப்புகளை வாங்கி இணைக்கும் செலவுக்கும் கீழாகச் சில்லின் விலையை வைத்தார். அன்றைய உற்பத்திச் செலவு அதைவிட அதிகம். விலை தாழ்ந்தால் வாங்குவோர் பெருகுவர், பெருகினால் செலவு தாழும் என்பது அவர் கணக்கு. கணக்கு பொய்க்கவில்லை. அவருடைய சந்தையை விரித்தது அக்கணக்கேயன்றி கோர்ட்டின் தீர்ப்பு அன்று.

பிற்காலம்

1968-ல் நாய்ஸும் கார்டன் மூரும் பேர்சைல்டை விட்டு விலகி இன்டெல் கம்பெனியைத் தொடங்கினர். ஷாக்லியை விட்டு வந்தவர், தாம் நிலைநாட்டியதையும் விட்டு வந்தார். ஆகையால் அப்பீல் கோர்ட்டு 1969-ல் அவர் பெயரால் தீர்ப்பளித்தபோது அவ்வெற்றி அவர் விட்டு விலகிய கம்பெனிக்கே சேர்ந்தது. கண்டவன் பெயர் பேடெண்டில் இருக்கும். பயன் எழுதி வாங்கியவனுக்குப் போகும். சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள் எல்லோருக்கும் உள்ள நிலை இதுவே. 1971-ல் கணிப்பொறியின் மூளை முழுவதையும் ஒரே சில்லில் அடக்கிய 4004 என்னும் பண்டத்தை இன்டெல் விற்பனைக்குக் கொணர்ந்தது.

நாய்ஸ் குற்றமற்றவரென்று நாம் சொல்லவில்லை. எவரையும் கடிந்து பேச அஞ்சுவார். வேலையிலிருந்து ஒருவரை நீக்கவேண்டி வந்தால் அப்பாரத்தைப் பிறர் தலையில் வைப்பார். தொழிலாளர் சங்கங்கள் தம் தொழிலில் வரக்கூடாதென்பதில் உறுதியாயிருந்தார். பங்குகளைக் கொடுத்து உழைப்பாளரைக் கூட்டாளியாக்குவதே போதுமென்று எண்ணினார். இன்ஜினியருக்கு அது பொருந்தலாம். கூடத்தில் நின்று வேலை செய்யும் பெண்ணுக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஆனால் தமக்கென்று பெரிய அறை வைத்துக்கொண்டவரல்லர். மற்றவரைப்போல் திறந்த கூடத்திலேயே மேஜை போட்டு உட்கார்ந்தவர்.

1979-ல் தேச விஞ்ஞானப் பதக்கமும் 1987-ல் தேசத் தொழில்நுட்பப் பதக்கமும் பெற்றார். 1988-ல் அமெரிக்கச் சில்லுக் கம்பெனிகள் ஜப்பானியப் போட்டியைச் சமாளிக்க ஒன்று சேர்ந்து ஆஸ்டின் நகரில் நிறுவிய ஸெமாடெக் என்னும் கூட்டு ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்குத் தலைமை ஏற்றார். ஒருவரோடொருவர் வழக்காடி வந்த கம்பெனிகளை ஒரு கூரையின் கீழ் உட்காரவைக்கத் தகுந்தவர் அவரேயென்று யாவரும் கருதினர். 1990 பிப்ரவரியில் அவருக்கும் கில்பிக்கும் சேர்த்து டிரேப்பர் பரிசு அளிக்கப்பட்டது. வழக்கில் எதிரெதிர் நின்ற இருவரும் ஒரே மேடையில் நின்று மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் டாலர் பரிசைப் பங்கிட்டுக்கொண்டனர். சில மாதங்களில், ஜூன் 3-ந் தேதி, ஆஸ்டினில் மாரடைப்பால் நாய்ஸ் காலமானார். வயது அறுபத்திரண்டு.

2000-ஆம் வருஷத்தில் கில்பிக்கு நோபல் பரிசு வந்தது. மாண்டவர்க்கு அப்பரிசு கொடுப்பதில்லை. உயிரோடிருந்தால் நாய்ஸும் அதில் பங்குபெற்றிருப்பார் என்பதைக் கில்பியே உலகறியச் சொன்னார். கோர்ட்டில் தம்மைத் தோற்கடித்தவருக்கு அவர் செய்த மரியாதை அது. கில்பி 2005-ல் காலமானார்.

ஜப்பானில் எழுந்த கிளை

மூலவழக்கு முடிந்தும் அதன் கிளையொன்று ஜப்பானில் நெடுங்காலம் உயிரோடிருந்தது. கில்பியின் உரிமைக்காக 1960-ல் அங்கே போட்ட மனுவினின்று பிரிந்த மனுவொன்றுக்கு 1989-ல்தான் பேடெண்ட் கிடைத்தது. முப்பது வருஷத்துக்கு முந்திய யோசனை, தொழில் உலகமெங்கும் தழைத்தபின் புதிய உரிமையாக எழுந்து நின்றது. புஜிட்ஸு கம்பெனி உரிமையை மீறியதாக டெக்ஸாஸ் கம்பெனியார் கூற, மீறவில்லையென்று புஜிட்ஸு கோர்ட்டுக்குச் சென்றது. டோக்கியோ ஜில்லா கோர்ட்டு 1994-லும் ஹைகோர்ட்டு 1997-லும் புஜிட்ஸுவுக்கு அனுகூலமாகத் தீர்த்தன. 2000 ஏப்ரல் 11-ந் தேதி அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, செல்லாதென்று தெளிவாய்த் தெரியும் பேடெண்டைக் கொண்டு பிறரைத் தடுக்க முயல்வது உரிமையின் துஷ்பிரயோகம் என்று தீர்ப்பளித்தது. அதுவரை அங்கே பேடெண்ட் செல்லாதென்று சொல்லும் அதிகாரம் பேடெண்ட் ஆபீஸுக்கே உண்டு, உரிமை மீறல் வழக்கை விசாரிக்கும் கோர்ட்டுக்கு இல்லை என்பது பழைய விதி. அவ்விதி இவ்வழக்கில் தளர்ந்தது. 2004-ல் சட்டமே திருத்தப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கது

இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? பேடெண்ட் என்பது ராஜ்யம் ஒருவனுக்கு இலவசமாகக் கொடுக்கும் மானியம் அன்று. அவன் தன் ரகசியத்தை யாவரும் அறிய எழுதி வைக்கவேண்டும். அதற்குப் பிரதியாக, குறித்த காலம் வரையில், பிறரைத் தடுக்கும் உரிமை அவனுக்கு உண்டு. காலம் கழிந்தபின் அறிவு ஊருக்குச் சொந்தம். எழுதியது எவ்வளவோ, உரிமையும் அவ்வளவே. கில்பி மனத்தில் கண்டது அதிகம். காகிதத்தில் எழுதியது குறைவு. அக்குறைவுக்கு அவர் கட்சி கொடுத்த விலை பத்து வருஷ வழக்கும் தோல்வியும்.

சில்லுத் தொழிலில் இறங்க விரும்பும் நம்மவர்க்கு இரண்டு விதப் படிப்பு அவசியம். ஒன்று, பட்டறையில் தகட்டையும் ஆக்ஸைடையும் கையாளும் படிப்பு. மற்றொன்று, அந்நியர் வாசகத்தில் எது சொல்லப்பட்டது, எது சொல்லப்படவில்லை என்று சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்க்கும் படிப்பு. முதலாவது மாத்திரம் உள்ள தேசம் பிறருக்குக் கூலிவேலை செய்யும். இரண்டாவது மாத்திரம் உள்ள தேசம் வழக்காடியே காலங்கழிக்கும். நம் வக்கீல்கள் பௌதிகம் பயிலுவதும், நம் இன்ஜினியர்கள் சட்ட வாசகம் பயிலுவதும் இனிமேல் ஒருவருக்கொருவர் செய்யும் தயவாகாமல் தொழிலின் கடமையாகவேண்டும்.

நாய்ஸ் தம் உரிமையை விட்டுக்கொடுத்தவரல்லர். கடைசிக் கோர்ட்டு வரையில் அவர் பக்கம் வாதாடியது. ஆனால் எதிரியைப் பகைவனாக எண்ணவில்லை. தீர்ப்பு வரும்வரை உலையை அணைக்கவுமில்லை. வாதத்தைக் கோர்ட்டில் வைத்து, நெருப்பைப் பட்டறையில் வைத்தார். இரண்டையும் இடம் மாற்றி வைக்கும் தேசங்கள் எந்நாளும் முன்னேறியதில்லை.